ஆக்சிஜன் 98, ஆனாலும் மூச்சு இல்லை: நாகம் தீண்டிய ஒரு நாயின் நிகழ்வு ஆய்வு

மணிக்கு நான்கு வயது. சிப்பிப்பாறை கலப்பு, ஆண், எடை 20 கிலோ. வயல்காட்டு வீட்டில் காவல் காக்கிற நாய். தள்ளி நின்றே விலா எலும்புகளை எண்ணிவிடலாம், அப்படி ஒரு ஒல்லி உடம்பு. அந்த உடம்பு மூச்சைப் பற்றிச் சொன்னதை அன்றிரவு நான் முக்கால் மணி நேரம் சரியாகப் படிக்கவில்லை. இந்த நிகழ்வை எழுத அதுதான் முதல் காரணம்.

மாலை 7 மணி 10 நிமிடம் இருக்கும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நாய் விடாமல் குரைத்திருக்கிறது. உரிமையாளர் டார்ச்சோடு போய்ப் பார்த்தபோது பாம்பு படமெடுத்து நின்றிருக்கிறது. நாய் ஒருமுறை கத்திவிட்டுப் பின்வாங்கியதாம். நாய்களுக்குப் பெரும்பாலும் முகத்தில்தான் கடி விழும், மூக்கை நீட்டி மோப்பம் பிடிக்கப் போவதால். மணிக்கும் வலது மேலுதட்டில் இரண்டு பல் தடம், சுற்றிலும் வீக்கம்.

வீட்டில் சிறியாநங்கைச் செடி இருந்திருக்கிறது. இலையை இடித்துச் சாறு எடுத்து வாயில் ஊற்றியிருக்கிறார்கள். "பாதி உள்ள போச்சு, பாதி வெளிய வந்துருச்சு சார்" என்றார் உரிமையாளர். உள்ளே போன பாதி எந்தக் குழாயில் போனது என்பது மறுநாள் மாலைதான் எங்களுக்குத் தெரிந்தது.

டூவீலரில் நடுவில் உட்காரவைத்து, டெல்டா மாவட்டத்தில் நான் அப்போது இரவுப் பணியில் இருந்த கால்நடை மருத்துவமனைக்கு 8.40-க்குக் கொண்டுவந்தார்கள்.

வந்தபோது இருந்த நிலை

நினைவு இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திரும்பியது. ஆனால் இமைகள் பாதி மூடிக் கிடந்தன. எச்சில் கயிறாகத் தொங்கியது. விழுங்க முடியாததால் வடிந்த எச்சில் அது, அதிகமாகச் சுரந்ததில்லை. பின்னங்கால் இரண்டும் தாங்கவில்லை. குரைக்க முயன்றபோது கரகரவென்று காற்றுதான் வந்தது. நாடித்துடிப்பு 168, மூச்சு நிமிடத்துக்கு 44, வெப்பம் 100.8 டிகிரி. ஈறு நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். உதட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டினால் 81.

மாஸ்க்கில் ஆக்சிஜன் வைத்தோம், நிமிடத்துக்கு 5 லிட்டர். ஐந்து நிமிடத்தில் எண் 98-க்கு ஏறியது. ஈறு சிவந்தது. அறையில் இருந்த எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு. நானும் சிரையில் ஊசி போடுவதிலும் நஞ்சுமுறி மருந்தைக் கரைப்பதிலும் இறங்கிவிட்டேன்.

வயல்காட்டிலிருந்து எச்சில் வடிய, கால் தளர்ந்து வரும் நாய் என்றால் பூச்சிமருந்து ஞாபகம் வந்தே ஆகவேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்றால் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், தசை ஆங்காங்கே துடிக்கும், வயிற்றுப்போக்கு இருக்கும். மணிக்குக் கண்மணி விரிந்திருந்தது, தசையில் துடிப்பே இல்லை. உண்ணிக் கடியால் வரும் வாதம் இவ்வளவு வேகமாக ஏறாது. கட்டு விரியன் கடித்த இடத்தில் வீக்கம் அநேகமாக இருக்காது. இங்கே உதடு வீங்கியிருந்தது, படமெடுத்ததைப் பார்த்த சாட்சியும் உண்டு. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்தோம். (சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாய் வேண்டாம், அது பொய் சொல்லும்.) ரத்தம் கட்டியாக உறைந்தது. ஆகவே ரத்தம் உறைவதைக் கெடுக்கும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் பின்னுக்குப் போயின. நல்ல பாம்புதான் என்று முடிவு செய்தோம்.

உறைதல் சோதனைக்குக் காத்திருக்காமலே 8.55-க்கு நஞ்சுமுறி மருந்தை ஏற்றத் தொடங்கியிருந்தோம். முதல் தவணை நான்கு குப்பி, அதாவது 40 மில்லி. மேலும் மூன்று குப்பி பிறகு. எடை 20 கிலோதானே, ஒரு குப்பி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நாய் சிறியது என்று பாம்பு நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை. நம் நாட்டு மருந்தில் ஒரு மில்லி 0.6 மில்லிகிராம் நாக நஞ்சைத்தான் முறிக்கும். கணக்கு நஞ்சுக்குத்தான், எடைக்கு இல்லை. ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலினை ஊசியில் ஏற்றிக் கையருகே வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

"அமைதியாயிட்டான் சார்"

9.30 சுமாருக்கு எங்கள் உதவியாளர் சொன்னது இது. உண்மைதான். 44-ஆக ஓடிய மூச்சு 26-க்கு இறங்கியிருந்தது. ஆக்சிமீட்டரில் 97. நாய் தலையைக் கீழே வைத்துப் படுத்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது.

மாஸ்க்கைச் சரிசெய்யக் குனிந்தபோது புறங்கை தற்செயலாக அதன் மூக்குக்கு முன்னால் போனது. காற்றே படவில்லை. நிமிர்ந்து நெஞ்சைப் பார்த்தேன். வயிறு லேசாக மேலெழுந்தது. அதே நேரத்தில் விலாக்கூடு உள்ளே அமுங்கியது. ஒல்லி நாய் என்பதால் ஒவ்வொரு விலா இடுக்கும் குழி விழுவது தெளிவாகத் தெரிந்தது. விலா இடைத் தசைகள் செயலிழந்துவிட்டன. உதரவிதானம் மட்டும் தனியாளாக இழுக்கிறது. அது கீழே இழுக்கும்போது, தாங்கிப் பிடிக்க ஆளில்லாத நெஞ்சுச் சுவர் உள்ளே விழுகிறது. அந்த உதரவிதானமும் களைத்துக்கொண்டிருந்தது.

ஈறை மறுபடி பார்த்தேன். இளஞ்சிவப்பைத் தாண்டிச் செங்கல் சிவப்புக்குப் போயிருந்தது. நான் நல்ல நிறம் என்று மகிழ்ந்திருந்தது கரியமில வாயு ஏறி ரத்தக்குழாய்கள் விரிந்ததால் வந்த நிறம்.

ரத்த வாயுக்களைப் பார்க்கும் கையடக்கக் கருவி எங்களிடம் இருந்தது. அதற்கான கார்ட்ரிட்ஜ் விலை அதிகம், ஃப்ரிட்ஜில் நாலைந்துதான் மிச்சம். 98 என்று எண் காட்டும் நாய்க்கு எதற்கு வீணாக்குவது என்று நானேதான் முதலில் விட்டுவிட்டேன். இப்போது கால் சிரையிலிருந்து ரத்தம் எடுத்துப் போட்டோம்: பிஎச் (இறங்கினால் ரத்தத்தில் அமிலம் கூடுகிறது) 7.12, கரியமில வாயு அழுத்தம் 79 (அழுத்த எண்கள் எல்லாம் மில்லிமீட்டர் பாதரசத்தில்), அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 25. சிரை ரத்தத்தில் இந்த அழுத்தம் தமனியைவிட நாலைந்து புள்ளி கூடுதலாக இருக்கும் என்று கழித்துக்கொண்டாலும் 74. நாய்க்கு இயல்பு 35 முதல் 45. செயற்கைச் சுவாசம் தொடங்க வேண்டிய எல்லை என்று நாங்கள் வைத்திருப்பது 60. பைகார்பனேட் இயல்பாகவே இருந்தது, அதாவது சிறுநீரகத்துக்கு இன்னும் ஈடுகட்ட நேரம் கிடைக்கவில்லை. எல்லாம் இந்த இரண்டரை மணி நேரத்துக்குள் நடந்தது.

98 எப்படி வந்தது

மூச்சுக்கு இரண்டு வேலை. ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது ஒன்று. கரியமில வாயுவை வெளியேற்றுவது மற்றொன்று. ஆக்சிமீட்டர் முதல் வேலையை மட்டுமே பார்க்கிறது. இரண்டாவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வெறுங்காற்றில் இருக்கும்போதாவது மறைமுகமாக ஏதோ சொல்லும். ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்த நொடியில் அந்தச் சாட்சியும் போய்விடுகிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். காற்றழுத்தம் 760. நுரையீரலுக்குள் நீராவி 47 பிடித்துக்கொள்ளும், மிச்சம் 713. வெறுங்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், ஆக 150. இதிலிருந்து கரியமில வாயு அழுத்தத்தை 0.8-ஆல் வகுத்துக் கழித்தால் நுரையீரல் காற்றுப்பையில் எவ்வளவு ஆக்சிஜன் அழுத்தம் இருக்கும் என்று கிடைக்கும். இயல்பான நாய்க்குக் கரியமில வாயு 40, வகுத்தால் 50, கழித்தால் 100. மணி வந்தபோது அது 70-ஐ ஒட்டி இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் 150-இல் 87 போய் 63 மிஞ்சும். காற்றுப்பையிலேயே அவ்வளவுதான் என்றால் தமனியில் இன்னும் கொஞ்சம் குறையும். ஆக்சிமீட்டர் 81 காட்டியதற்கு இந்தக் கணக்கே போதும், நுரையீரலில் கோளாறு தேடவே வேண்டாம்.

இப்போது மாஸ்க். நாய் உள்ளிழுப்பது ஏறக்குறைய 40 சதவீதம் என்று கொள்வோம். 713-இல் 40 சதவீதம் 285. கரியமில வாயு 74 என்றால் 92 கழியும். மிச்சம் 190-க்கு மேல்! ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நிரம்ப 100 போதும். ஆக எண் 98-இல் நிற்கும். கரியமில வாயு 74 ஆனாலும் நிற்கும், 100 ஆனாலும் நிற்கும். பிஎச் இறங்கி இதயம் தாளம் தப்பும்வரைகூட அது நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

அப்படியென்றால் ஆக்சிஜன் கொடுத்தது தப்பா? இல்லவே இல்லை. 81-இல் இருக்கும் நாய்க்கு அதுதான் முதல் மருந்து, அந்த ஐந்து நிமிடம் உயிரைப் பிடித்து வைத்தது. தப்பு, எண்ணைப் பார்த்த பிறகு நெஞ்சைப் பார்க்காமல் விட்டதில்.

நிமிடத்துக்கு 44 மூச்சு என்றதும் நிறையக் காற்று போகிறது என்றுதான் முதலில் தோன்றும். அங்கேயும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 20 கிலோ நாய் ஒரு மூச்சுக்குச் சுமார் 240 மில்லி இழுக்கும். அதில் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் என்று வழியிலேயே தங்கி, ரத்தத்தைப் பார்க்காமல் திரும்பும் காற்று 80 மில்லி என்று வைப்போம். மிச்சம் 160 மில்லிதான் வேலைக்கு ஆகிற காற்று. நிமிடத்துக்கு 20 மூச்சு என்றால் மொத்தம் 4,800 மில்லி, வேலைக்கு ஆனது 3,200. அதே நாய் தசை தளர்ந்து ஒரு மூச்சுக்கு 120 மில்லிதான் இழுக்கிறது, அதனால் வேகத்தை 40-க்கு ஏற்றுகிறது என்றால் மொத்தம் அதே 4,800. ஆனால் வழிக்காற்று 80 ஒவ்வொரு மூச்சிலும் போய்விடும். மிஞ்சுவது 40 மில்லி, நாற்பது முறை: 1,600. பாதி! வேலைக்கு ஆகிற காற்று பாதியானால் கரியமில வாயு இரண்டு மடங்காகும். 40 என்பது 80.

இந்த வழிக்காற்றை நாய் வேறொரு சமயத்தில் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்துகிறது. வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு நிமிடத்துக்கு 200, 300 என்று இரைக்கிறதே, அத்தனையும் பெரும்பாலும் வழிக்காற்றின் போக்குவரத்துதான். சூடு வெளியேறும், கரியமில வாயு அவ்வளவாக மாறாது. நாயின் சுவாச எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு வெயிலில் இரைக்கும் நாயே போதும்.

மணியின் மூளை சும்மா இருக்கவில்லை. கரியமில வாயு ஏறியதை அது உணர்ந்து 'இழு, இழு' என்று முழு வேகத்தில் கட்டளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. நரம்பும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நரம்பு முனை வெளிவிடும் தூதுப்பொருளான அசிடைல்கோலின் போய் உட்கார வேண்டிய இடத்தில், தசைப் பக்கத்து ஏற்பிகளில், நாக நஞ்சு ஏற்கனவே உட்கார்ந்துவிட்டது. பூட்டுக்குள் வேறொரு சாவி முறிந்து மாட்டிக்கொண்ட மாதிரி. அதனால்தான் இந்த நாய்க்கு மூச்சுக்குழாயை விரிக்கும் டெரிபிலினோ, வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோனோ, நீரை வடிக்கும் லாசிக்ஸோ எதுவும் செய்யாது. மூச்சு வாங்குகிற நாய் என்றாலே இந்த மூன்றையும் வரிசையாகப் போடுகிற பழக்கம் நம்மிடையே இருக்கிறது. சுருங்காத மூச்சுக்குழாயை எதற்கு விரிக்க வேண்டும், நீர் கோக்காத நுரையீரலிலிருந்து எதை வடிக்க வேண்டும்?

அன்றிரவு

9.40-க்கு மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டோம். தொண்டையில் அனிச்சை ஏறக்குறைய இல்லை, மயக்கமே இல்லாமல் குழாய் இறங்கியிருக்கும். ஆனாலும் மயக்க மருந்து புரோப்போஃபால் 20 மில்லிகிராம் மெதுவாகக் கொடுத்தேன், அப்புறம் கொஞ்சம் மிடசோலம். நாக நஞ்சு தசையைத்தான் கட்டுகிறது, நினைவைக் கட்டுவதில்லை. கண்ணைத் திறக்க முடியாமல், வாலை அசைக்க முடியாமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடக்கும் ஒரு உயிர் அது. மேசைக்குப் பக்கத்தில் நின்று 'தேறாது போலிருக்கே' என்று பேசுகிறவர்களை வெளியே அனுப்பிவிடுவது என் வழக்கம்.

அங்கே வென்டிலேட்டர் கிடையாது. கையால் பிழிந்து காற்றூதும் ஆம்பு பை, நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன், நான்கு ஜோடிக் கைகள். அதில் ஒன்று உரிமையாளருடையது.

முதல் கால் மணி நேரம் நானே பிழிந்தேன், பதற்றத்தில் வேகமாக. குழாயின் நுனியில் மாட்டிய கேப்னோகிராஃப் (வெளிவரும் மூச்சின் கரியமில வாயுவை அளந்து கோடாக வரையும் கருவி) 71-இல் தொடங்கி 30-க்கு வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய எண் இல்லை அது. கரியமில வாயு இப்படி விழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கும். தொடைநாடி நூலாக மெலிந்ததும் அப்போதுதான் கவனத்துக்கு வந்தது. இயல்பான மூச்சில் நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, உடலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு உறிஞ்சப்படும். பையைப் பிழியும்போது நடப்பது நேர்மாறு: நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, திரும்பி வரும் ரத்தத்தை வாசலிலேயே நிறுத்துகிறது. மூச்சு வெளியேற நேரம் கொடுக்காமல் அடுத்தடுத்துப் பிழிந்தால் அந்த வாசல் திறக்கவே திறக்காது. பிழிவதை நிமிடத்துக்குப் பதினைந்தாகக் குறைத்தேன். பெரியவர்களுக்கான பை என்பதால் முழுதும் பிழியக் கூடாது, நெஞ்சு ஓர் அளவுக்கு எழும்பினால் போதும் என்று மற்றவர்களுக்கும் சொன்னேன். சுவரில் இருந்த கடிகாரத்தின் நொடிமுள்தான் தாளம்: நான்கு நொடிக்கு ஒன்று. நாடி மீண்டும் நிரம்பியது. 10.45-க்கு இரண்டாவது கார்ட்ரிட்ஜ்: பிஎச் 7.34, கரியமில வாயு 44.

இதற்கிடையில் 9.50-க்கு அட்ரோபின் 0.8 மில்லிகிராம், அதைத் தொடர்ந்து நியோஸ்டிக்மின் 0.8 மில்லிகிராம். நியோஸ்டிக்மின் அசிடைல்கோலின் அழிவதைத் தடுக்கிறது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் அது குவியக் குவிய, நஞ்சோடு இடத்துக்குப் போட்டி போட முடியும். அட்ரோபின் முன்னால் போகவில்லையென்றால் எச்சிலும் சளியும் பெருகி இதயம் மந்தமாகிவிடும். கட்டு விரியன் கடியில் இதே ஊசி பெரும்பாலும் கைகொடுக்காது, ஏனென்றால் அதன் நஞ்சு நரம்பு முனையையே கெடுத்துவிடுகிறது. வெளிவராத அசிடைல்கோலினைக் காப்பாற்றி என்ன செய்ய? பூச்சிமருந்து குடித்த நாய்க்கு இதைப் போட்டாலோ, எரிகிற கொள்ளியில் எண்ணெய். கண்மணியை அன்று மூன்று முறை பார்த்தது அதற்காகத்தான்.

இருபது நிமிடத்தில் இமை அரைக்கால் அங்குலம் உயர்ந்தது. மூச்சு வரவில்லை. நஞ்சுமுறி மருந்து ரத்தத்தில் அலையும் நஞ்சைப் பிடிக்கும், ஏற்பியில் உட்கார்ந்துவிட்டதை அவ்வளவு சீக்கிரம் எழுப்பாது. அதுவாகக் கழன்று வரும்வரை நாம்தான் மூச்சு விட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை நியோஸ்டிக்மின் ஊசியை இன்னும் மூன்று தடவை போட்டோம்.

பிறகு நீண்ட வேலை. வாயில் தேங்கும் எச்சிலை உறிஞ்சுவது, இமைக்காத கண்ணில் களிம்பு தடவுவது, மூத்திரப்பையை அமுக்கிக் காலி செய்வது, குப்புறப் படுத்த நிலையிலேயே இடுப்பை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றுவது. பக்கவாட்டில் கிடத்தினால் கீழே மாட்டும் நுரையீரல் அமுங்கிக் காற்றிழக்கும், ரத்தமோ அங்கேதான் அதிகம் ஓடும். ஒருக்களிக்காமல் வைப்பது அதனால்தான்.

பி டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 300 நிமிடம், ஐந்து மணி நேரம். 8.45-க்குத் திறந்தது, 1.45-க்குத் தீரும். ஒரு மணிக்கே அடுத்த சிலிண்டரை உருட்டி வந்து பக்கத்தில் நிறுத்திவிட்டோம். ஸ்பேனரைத் தேடத்தான் பத்து நிமிடம் ஆனது.

3.40-க்கு ஒரு மாற்றம். கேப்னோகிராஃப்பில் ஒவ்வொரு மூச்சும் தட்டையான மேடு போல வரும். அந்த மேட்டின் நடுவில் ஒரு சின்ன வெட்டு விழுந்தது. அடுத்த மூச்சிலும் விழுந்தது. நாங்கள் ஊதிய காற்று வெளியேறும்போதே நாயின் உதரவிதானம் சொந்தமாக ஒரு சின்ன இழுப்பு இழுத்தால் இப்படி வரும். அறுவை சிகிச்சையில் தசைத்தளர்வு மருந்து தெளியும்போது மயக்க மருத்துவர்கள் எதிர்பார்த்திருக்கும் அதே வெட்டு. அந்த மருந்துகளுக்கெல்லாம் முன்னோடியான க்யூராரேயின் பெயரால்தான் அதைச் சொல்வார்கள். நாக நஞ்சும் க்யூராரேயும் உட்காருவது ஒரே நாற்காலியில் என்பதால் இங்கேயும் அதே படம்.

பையைக் கழற்றிப் பார்த்தோம். நான்கு நிமிடத்தில் கரியமில வாயு 42-இலிருந்து 57. மறுபடி மாட்டினோம். 5.10-க்கு மீண்டும் கழற்றினோம். பத்து நிமிடம் கழித்தும் 46-இலேயே நின்றது. நாய் தலையைத் தூக்கியது, குழாயைக் கடிக்கப் பார்த்தது. 5.20-க்கு உருவிவிட்டோம். பை பிழிந்தது ஏறக்குறைய ஏழரை மணி நேரம். உரிமையாளர் தரையில் உட்கார்ந்து தன் வலது கையை நீவிக்கொண்டிருந்தார். "இவன் மூச்சு பூரா என் கையிலதான் சார் இருந்துச்சு" என்றார்.

இரண்டாம் நாள்: அதே நாய், வேறு மூச்சு

அன்று மாலை ஆறரை இருக்கும், நாய்க்குக் காய்ச்சல் 103.6. மூச்சு 52. இம்முறை அது மேலோட்டமான மூச்சு இல்லை. விலாக்கூடு நன்றாக விரிந்து, வயிறும் நெஞ்சும் ஒன்றாக எழும்பி, மூக்குத் துளை விரிய இழுத்தது. புறங்கையில் காற்று பலமாகவே மோதியது. வெறுங்காற்றில் ஆக்சிமீட்டர் 88.

நஞ்சு திரும்பி வந்துவிட்டதோ என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் நஞ்சுமுறி மருந்துக்குக் கை நீட்டினார். நல்ல சந்தேகம்தான், திரும்பவும் வருவதுண்டு. ஆனால் நெஞ்சு அப்படிச் சொல்லவில்லை. பின்கால் தமனியிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 58, கரியமில வாயு 31.

அதே கணக்குதான். 31-ஐ 0.8-ஆல் வகுத்தால் 39. 150-இல் கழித்தால் 111. காற்றுப்பையில் 111 இருக்கிறது, தமனியில் 58 தான் வந்து சேர்கிறது. இடையில் 53 காணாமல் போயிருக்கிறது. வெறுங்காற்றில் இந்த இடைவெளி 15-க்குள் இருக்க வேண்டும். முந்தின இரவு காற்றே உள்ளே வராமல் ஆக்சிஜன் குறைந்தது. இன்று காற்று தாராளமாக வருகிறது, ரத்தத்தைப் போய்ச் சேரவில்லை. நுரையீரலில் ஏதோ ஒரு பகுதியில் ரத்தம் ஓடுகிறது, அங்கே காற்று இல்லை. மற்ற பகுதிகள் கூடுதலாக இழுத்துக் கரியமில வாயுவை 31 வரை இறக்கிவிட்டன; ஆக்சிஜன் விஷயத்தில் அப்படி ஈடுகட்ட முடியாது, ஏற்கனவே நிறைந்த ஹீமோகுளோபினில் மேலும் ஏற்ற இடமில்லை.

எக்ஸ்ரேயில் வலது நடுமடல் வெள்ளையாக இருந்தது, வலது முன்மடலிலும் கொஞ்சம். நாய்களில் தப்பிப் போகும் உணவும் மருந்தும் பெரும்பாலும் இறங்குகிற இடம் அது. சிறியாநங்கைச் சாறோ எச்சிலோ, அல்லது இரண்டுமோ. விழுங்க முடியாத வாயில் ஊற்றிய எதுவும் இப்படித்தான் போகும், பாலானாலும் தண்ணீரானாலும். உரிமையாளரிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. அவரும் உயிரைக் காப்பாற்றத்தானே ஊற்றினார். கடித்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இருட்டில் இவ்வளவு தூரம் தூக்கி வந்ததும் அவர்தான். அதையும் சேர்த்தே சொன்னேன்.

சிகிச்சை எளிது. மூக்கில் மெல்லிய குழாய் வைத்து நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன். கிருமிகளுக்கு எதிராக ஆம்பிசிலின்-சல்பாக்டம், உடன் என்ரோஃப்ளாக்சசின். அளவான சலைன், அதிகமில்லை. வீங்கிய நுரையீரலுக்குள் நீரை நாமே அனுப்பக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நீராவி, பிறகு கையைக் குவித்து நெஞ்சின் இரு பக்கமும் தட்டிக் கொடுப்பது. ஆக்சிமீட்டர் 95-க்கு வந்தது. முந்தின இரவில் பொய் சொன்ன அதே கருவியை இப்போது முழுதாக நம்பினோம், கேள்வி ஆக்சிஜனைப் பற்றியது என்பதால்.

நான்காம் நாள் மூக்குக்குழாயை மணியே பிடுங்கிப் போட்டது. வெறுங்காற்றில் 94 இருந்தது, திரும்ப வைக்கவில்லை. ஐந்தாம் நாள் தயிர்சாதம் கேட்டு வாங்கித் தின்றது. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். உதட்டில் கடித்த இடம் கறுத்து ஒரு ரூபாய்க் காசளவு சதை உதிர்ந்தது; நாகத்தின் நஞ்சில் சதையை அழுகவைக்கும் பகுதியும் உண்டு. தினமும் கழுவிக் கட்டு மாற்றச் சொல்லி அனுப்பினோம்.

பதினாறாம் நாள் புண்ணைக் காட்ட வந்தார்கள். எடை 19.2 கிலோ. ஓய்வில் மூச்சு 22, நெஞ்சும் வயிறும் சேர்ந்தே எழும்பின. மறு எக்ஸ்ரேயில் நடுமடலில் லேசான நிழல் மட்டும். புண்ணின் ஓரத்தில் புதுத்தோல் வந்துகொண்டிருந்தது. காத்திருப்பு வராந்தாவில் ஒரு பூனையைப் பார்த்துக் குரைத்தது. குரல் இன்னும் கொஞ்சம் கம்மித்தான் இருந்தது.